பூனைக்கு என்ன ஊசி போட்டாங்க?

பூனை வளர்க்கிற நம்மாட்கள் அடிக்கடி சொல்கிற வசனம் ஒன்று உண்டு. "டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போனோம். ஒரு ஊசி போட்டாரு. ரெண்டே நாள்ல ஜம்முனு ஆயிடுச்சு." கேட்கச் சந்தோஷமாகத்தான் இருக்கும். "என்ன ஊசி?" என்று திருப்பிக் கேட்டுப் பாருங்கள். முழிப்பார்கள். குழந்தைக்குத் தடுப்பூசி போட்டால் பேர், தேதி, அடுத்த தவணை என்று எல்லாவற்றையும் அட்டையில் எழுதி வாங்கி பீரோவில் பூட்டி வைக்கிற அதே குடும்பம்தான் இது.

இரண்டே நாளில் அரிப்பு நின்று, வாய்ப்புண் வலி மறந்து, பசி எடுத்து, பூனை துள்ளிக் குதிக்கிறது என்றால் போட்டது பெரும்பாலும் ஸ்டீராய்டாகத்தான் இருக்கும். ஸ்டீராய்டு கெட்ட மருந்து என்று சொல்ல நான் வரவில்லை. என் கட்சி இதுதான்: பேர் தெரியாமல், கணக்கு வைக்காமல், நோயின் காரணத்தைத் தேடாமல், மாசா மாசம் போடப்படுகிற நீண்டநாள் ஸ்டீராய்டு ஊசி பூனைக்கு ஆபத்து. அதிலும் ஊர் விட்டு ஊர் வந்து பிழைக்கிற நம்மைப் போன்ற குடும்பங்களின் பூனைகளுக்கு அந்த ஆபத்து ஒரு படி கூடுதல். ஏன் என்று கீழே.

டிஸ்கி: நான் கால்நடை மருத்துவன் இல்லை. மைசூர் ஹெப்பாள் பக்கம் ஆணி பிடுங்கிச் சம்பளம் வாங்குகிற ஆசாமி. இதைப் படித்துவிட்டு ஓடிக்கொண்டிருக்கும் மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அது ஏன் கூடாது என்பதும் கீழே வருகிறது.

ஸ்டீராய்டுன்னா என்ன?

ஜிம்மில் உடம்பு ஏற்றுவதற்குப் போடும் ஸ்டீராய்டு வேறு. நாம் பேசுவது கார்டிசோன் குடும்பம். சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி, நமக்கும் சரி பூனைக்கும் சரி, தினமும் கார்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. இதன் நெருங்கிய உறவான கார்டிசோனை 1948ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் முடக்குவாதத்தால் நடக்க முடியாமல் கிடந்த ஒரு பெண்ணுக்குக் கொடுத்தார்கள். சில நாட்களில் எழுந்து நடந்தார். உலகமே வாயைப் பிளந்தது. 1950ல் கெண்டால், ஹென்ச், ரைக்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு. ஆனால் அந்த ஆரம்பக் காலத்திலேயே இன்னொன்றும் தெரிந்துபோயிற்று. மருந்து நோயை அடக்குகிறது, வேரோடு பிடுங்குவதில்லை. நிறுத்தினால் நோய் திரும்புகிறது, தொடர்ந்தால் வேறு தொல்லைகள் வருகின்றன. எழுபத்தைந்து வருஷத்துக்கு அப்புறமும் கதை அதேதான்.

இந்தப் பேர்கள் நம் வீட்டு மருந்துப் பெட்டிக்குப் புதிதில்லை. வைசோலோன், ஓம்னாகார்ட்டில் என்றால் பிரெட்னிசோலோன். பெட்னெசால் என்றால் பீட்டாமெத்தசோன். டெக்சோனா என்றால் டெக்சாமெத்தசோன். டெப்போ மெட்ரால் என்றால் மெத்தில்பிரெட்னிசோலோன். எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள், பலம் மட்டும் வேறு வேறு. 5 மி.கி. பிரெட்னிசோலோன் செய்கிற வேலையை 0.75 மி.கி. டெக்சாமெத்தசோன் செய்துவிடும். 'சின்ன மாத்திரைதானே' என்று பார்த்தால் கணக்கு தப்பிவிடும்.

இன்னொரு விஷயம். பிரெட்னிசோன் வேறு, பிரெட்னிசோலோன் வேறு. முதலாவது ஈரலுக்குப் போய் இரண்டாவதாக மாறினால்தான் வேலை செய்யும். பூனையின் உடம்பு இந்த மாற்றத்தைச் சரியாகச் செய்வதில்லை. அதனால் பூனைக்குக் கொடுப்பது பிரெட்னிசோலோன்தான். அமெரிக்காவில் இருந்து பூனையோடு திரும்பி வந்தவர்கள், அங்கிருந்து எழுதி வாங்கிய சீட்டில் இந்த ஒரு 'லோ' இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பூனைக்கு எதுக்கு இது?

நியாயமான காரணங்கள் நிறைய உண்டு. பூனை ஆஸ்துமா, குடல் அழற்சி, உடம்பின் எதிர்ப்பு சக்தி தன் தோலையே தாக்கும் நோய்கள், சில வகைப் புற்றுநோய், தாங்க முடியாத ஒவ்வாமை. இவற்றில் ஸ்டீராய்டு உயிர் காக்கும். மனிதர்களோடும் நாய்களோடும் ஒப்பிட்டால் பூனைகள் இந்த மருந்தைக் கொஞ்சம் நன்றாகவே தாங்கும். இதையும் சொல்லியாக வேண்டும். சரியான அளவில், மாத்திரையாக, குறைத்துக் குறைத்து, ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று கொண்டுவந்து வருஷக்கணக்காக ஓட்டுகிற பூனைகள் இருக்கின்றன.

ஆனால் அந்தத் தாங்கும் குணமே ஒரு பொறி. மனிதனுக்கு முகம் உப்பும், அடுத்த வீட்டுக்காரரே கேட்டுவிடுவார். பூனை நன்றாகச் சாப்பிடும், கொஞ்சம் குண்டாகும், நாமும் 'உடம்பு தேறிருச்சு' என்று போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்புவோம் :) உள்ளே நடப்பது வெளியே தெரிய மாதக்கணக்கு ஆகும்.

மாத்திரையா, ஊசியா?

என் சண்டை முக்கியமாக இந்த இடத்தில்தான்.

பிரெட்னிசோலோன் மாத்திரை ஒரு நாள், ஒன்றரை நாளில் வேலையை முடித்துக்கொண்டு போய்விடும். ஏதாவது கோளாறு என்றால் டாக்டர் அளவைக் குறைப்பார். டெப்போ வகை ஊசி அப்படியில்லை. சதையில் தங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, 3 முதல் 6 வாரம் வரை உடம்பில் வேலை செய்துகொண்டே இருக்கும். போட்ட மறுநாள் பூனைக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தால்? மூச்சு வாங்கினால்? படர்தாமரை என்று தெரிய வந்தால்? உள்ளே போன மருந்தைத் திரும்ப எடுக்க வழி கிடையாது. கரையும் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

வசதி என்னவோ ஊசியில்தான். பூனைக்கு மாத்திரை கொடுப்பது என்ன பாடு என்று கொடுத்தவர்களுக்குத் தெரியும். போர்வையில் சுற்றி, தலையைப் பிடித்து, வாயைத் திறந்து போட்டு, 'அப்பாடா, முழுங்கிடுச்சு' என்று விட்டால் ஐந்து நிமிஷம் கழித்து சோபாவுக்கு அடியில் மாத்திரை கிடக்கும். கையில் நாலு கீறல் மிச்சம். எங்கள் வீட்டில் தங்கமணி தலையைப் பிடிக்க, நான் மாத்திரையோடு நின்று 'நீ போடு, நான் பிடிக்கிறேன்' என்று சண்டை போட்டுக்கொள்வது தனிக் கதை. எப்பேர்ப்பட்டவருக்கும் ஊசிதான் சுகம் என்று தோன்றும். டாக்டருக்கும் அதே எண்ணம்தான், வீட்டில் மாத்திரை போகாது என்று அவருக்கும் தெரியும்.

மாத்திரை போகவே போகாத பூனைக்கு, மற்ற வழிகளைப் பார்த்துவிட்டு, ஆபத்தைச் சொல்லிவிட்டு, எப்போதோ ஒரு தடவை போடுகிற ஊசியை நான் குறை சொல்லவில்லை. 'மாசம் ஒண்ணு போட்டுக்குங்க, சரியா இருக்கும்' என்பதைத்தான் குறை சொல்கிறேன்.

சொக்கனின் கணக்கு

எங்கள் மேல் வீட்டில் கோபிசெட்டிபாளையம் பக்கத்துக் குடும்பம். சென்னையில் மூன்று வருஷம் இருந்துவிட்டு மாற்றலில் இங்கே வந்தவர்கள். அவர்களோடு வந்தவன் சொக்கன். ஏழு வயது, ஆறு கிலோ, அறுவை சிகிச்சை ஆன ஆண் பூனை. வாய்ப்புண். ஈறெல்லாம் செக்கச் செவேலென்று, எச்சில் ஒழுக, தட்டு முன்னால் உட்கார்ந்து அழுவான். ஊசி போட்டால் ஒரு மாசம் நன்றாகச் சாப்பிடுவான். அப்புறம் மறுபடியும் ஆரம்பம்.

சென்னையில் ஒரு கிளினிக், மைசூரில் இரண்டு. ஒவ்வொருவரும் போட்டது நாலைந்து ஊசிதான். ஒவ்வொருவருடைய கணக்கிலும் அது பெரிய எண்ணிக்கை இல்லை. மூன்றையும் கூட்டிப் பார்த்தால் 14 மாதத்தில் 12 ஊசி. கூட்டிப் பார்க்கத்தான் ஆள் இல்லை. "என்ன ஊசிங்க?" என்று நான் கேட்டதற்கு அந்தம்மா சொன்ன பதில்: "அதெல்லாம் கேட்டுக்கலீங்ணா. போட்டா எந்திரிச்சுக்குவான், அதான் வேணும்னு இருந்துட்டோம்."

முதலில் கண்ணில் பட்டது எறும்பு. பால்கனியில் வைத்திருந்த மண் தொட்டியில் சொக்கன் மூத்திரம் போன இடத்தில் சாரை சாரையாக மொய்த்தது. நம் பாட்டிமார் இதைப் பார்த்தே சர்க்கரை வியாதி என்று சொல்லியிருப்பார்கள். தண்ணீர்க் கிண்ணத்தை ஒரு நாளில் மூன்று முறை நிரப்ப வேண்டியிருந்தது. நிறையச் சாப்பிட்டும் முதுகெலும்பு தெரிந்தது. கடைசியில் பின்னங்கால் பாதம் முழுவதையும் தரையில் பதித்து, முயல் மாதிரி நடக்க ஆரம்பித்தான். முற்றிய சர்க்கரையில் நரம்பு தளர்ந்தால் பூனை அப்படித்தான் நடக்கும்.

அடுத்துப் பார்த்த டாக்டர் கேட்ட முதல் கேள்வியே "இதுவரைக்கும் என்னென்ன ஊசி போட்டிருக்கீங்க, லிஸ்ட் இருக்கா?" என்பதுதான். லிஸ்ட் இல்லை. மூன்று இடத்துக்கும் போன் போட்டு, பழைய பில்களைத் தேடி, இரண்டு நாள் உட்கார்ந்து தயார் செய்தோம். ஸ்டீராய்டு நின்றது. காலை மாலை இன்சுலின். தயிர் சாதம், பால் எல்லாம் கட். சர்க்கரை கட்டுக்குள் வந்த பிறகு, பெங்களூருக்குத் தூக்கிப் போய்ப் பின்பக்கப் பற்களையெல்லாம் எடுத்தார்கள். நாலு மாசத்தில் இன்சுலினே வேண்டாம் என்றாயிற்று. இன்றைக்குப் பல் இல்லாமல் மத்தி மீனை வெளுத்துக் கட்டுகிறான். ஆன செலவில் ஒரு நல்ல போன் வாங்கியிருக்கலாம். முதல் ஊசிக்குப் பிறகே பல்லைப் பற்றி யாராவது பேசியிருந்தால் பாதிச் செலவோடு முடிந்திருக்கும்.

எல்லாப் பூனைக்கும் இப்படி நல்ல முடிவு கிடைப்பதில்லை.

உள்ளே என்னதான் நடக்கிறது?

சர்க்கரை: ஸ்டீராய்டு ஈரலைச் சர்க்கரை தயாரிக்கச் சொல்லும், இன்சுலினை வேலை செய்ய விடாது. குண்டான, நடுவயது ஆண் பூனைகளுக்கு ஏற்கனவே அபாயம் அதிகம். மேலே ஸ்டீராய்டும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ஆறுதலான செய்தி, சீக்கிரம் கண்டுபிடித்து ஸ்டீராய்டை விலக்கி இன்சுலின் ஆரம்பித்தால் கணிசமான பூனைகளுக்குச் சர்க்கரை பின்வாங்கிவிடும்.  ஒரு எச்சரிக்கை: கிளினிக்கில் பயந்துபோன பூனைக்கு, நோயே இல்லாமலும் சர்க்கரை எகிறும். ஒரே ஒரு ரீடிங்கை வைத்து முடிவு செய்யாமல், சிறுநீர்ச் சோதனை, முந்தைய சில வாரங்களின் சராசரியைக் காட்டும் ஃப்ரக்டோசமைன் சோதனை இரண்டையும் கேளுங்கள்.

இதயம்: பூனைகளில் இதயச் சுவர் தடித்துப்போகும் நோய் சகஜம். வெளியே ஒன்றும் தெரியாது. நம்மூரில் இப்போது ஃபேஷனாக வாங்குகிற பெர்சியன் பூனைகளுக்கும் உண்டு. நீண்டநாள் ஊசி இரத்தத்தில் சர்க்கரையை ஏற்ற, அது திசுக்களில் இருந்து நீரை இழுத்து இரத்தத்தின் கன அளவைக் கூட்ட, பலவீனமான இதயம் திணறுகிறது. ஸ்டீராய்டுக்குப் பிறகு இதயம் செயலிழந்த 12 பூனைகளைப் பற்றி அமெரிக்க மருத்துவர்கள் 2004லேயே எழுதியிருக்கிறார்கள். பூனை அசந்து தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிஷம் எண்ணுங்கள். 30க்கு மேல் தொடர்ந்து போனால் டாக்டரிடம் ஓடுங்கள்.

தொற்று: எதிர்ப்பு சக்தியைக் கட்டிப் போடுவதுதானே இந்த மருந்தின் வேலை? அதனால் மூத்திரப் பையில் சத்தமில்லாமல் கிருமி வளரும். குட்டியில் வந்து அடங்கிய ஹெர்பெஸ் சளி மறுபடி தலை தூக்கும். படர்தாமரையை 'அலர்ஜி' என்று நினைத்து ஸ்டீராய்டு போட்டால் அது பூனை முழுவதும் பரவி, அப்புறம் அதைக் கட்டிக்கொண்டு தூங்கும் குழந்தைக்கும் வரும்.

தோல்: அரிதுதான், ஆனால் கொடுமை. தோல் சவ்வுத்தாள் மாதிரி மெலிந்து, தூக்கும்போதே கிழிந்துவிடும். சில பூனைகளுக்குக் காது நுனி உள்ளே மடங்கும்.

அட்ரீனல்: வெளியிலிருந்து தாராளமாக வருகிறதே என்று உடம்பின் சொந்தச் சுரப்பி கடையைச் சாத்திவிடும். திடீரென்று மருந்தை நிறுத்தினால் சோர்வு, வாந்தி, சரிவு, உயிருக்கே ஆபத்து. படிப்படியாகக் குறைத்தால்தான் சுரப்பி மறுபடி கடை திறக்கும். நீங்களாக நிறுத்தாதீர்கள் என்று மேலே சொன்னது இதற்காகத்தான்.

நமக்கு மட்டும் ஏன் ஆபத்து கூடுதல்?

ஒன்று, மாற்றல். சென்னை, மைசூர், அப்புறம் புனே. கம்பெனி நம் சாமான்களுக்கு லாரி தரும். பூனையின் மருத்துவக் குறிப்புக்கு யாரும் லாரி தருவதில்லை. புது டாக்டருக்கு அது புதுப் பூனை, அவர் போடுவது முதல் ஊசி.

இரண்டு, பொங்கல் தீபாவளி. நாலு நாள் ஊருக்குப் போகணும். பூனையைப் பக்கத்து வீட்டில் விட்டால் மாத்திரை யார் கொடுப்பார்கள்? "சார், லாங் வீக்கெண்ட் வருது, ஊசியே போட்டுடுங்க" என்று நாமேதான் கேட்கிறோம். பந்திப்பூர் சாலை ராத்திரி 9 மணிக்குப் பூட்டிவிடுவார்கள் என்று மணி பார்த்துத் திட்டம் போடுகிற நாம், பூனையின் மருந்துக்கும் ஒரு திட்டம் போடலாம். தினமும் வந்து மாத்திரை கொடுக்கும் ஆட்கள் இப்போது மைசூரிலும் கிடைக்கிறார்கள்.

மூன்று, பாஷை. இங்கே போர்டில் 'பசு ஆஸ்பத்ரெ' என்று இருக்கும். வந்த புதிதில் மாட்டுக்கு மட்டும்தான் போல என்று நினைத்துத் திரும்பி வந்த தமிழர்களை எனக்குத் தெரியும் :) கன்னடத்தில் அந்தச் சொல் எல்லா விலங்குக்கும் பொது. உள்ளே போனாலும், பாதி கன்னடம் பாதி இங்கிலீஷில் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறோம். இரண்டே வாக்கியம் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். "யாவ இஞ்செக்ஷன் சார்? ஹெசரு பரெது கொடி." என்ன ஊசி, பேர் எழுதிக் கொடுங்கள் என்று அர்த்தம். கேட்டதற்காக யாரும் கோபித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

நான்கு, ஹெப்பாள் குழப்பம். நெட்டில் 'ஹெப்பாள் கால்நடை மருத்துவமனை' என்று தேடினால் வருவது பெங்களூர் ஹெப்பாள். அங்கேதான் 1958ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நம் ஹெப்பாள் மைசூரில், இடையில் 150 கி.மீ. போல. சாதாரண அரிப்புக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஆனால் மூன்றாவது ஊசி போடச் சொல்லும்போது, அந்த மாதிரிக் கல்லூரி மருத்துவமனையில் ஒரு முறை காட்டிவிடுவது வீண் அலைச்சல் இல்லை. சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி இருக்கவே இருக்கிறது, 1903ல் இருந்து.

மனுஷனுக்கே இந்த கதிதான்

இதை 'பூனை டாக்டர்கள் மோசம்' என்று யாரும் படித்துவிடக் கூடாது. ஸ்டீராய்டைத் தண்ணியாகப் புழங்குவது நம் நாட்டில் எல்லா மட்டத்திலும் இருக்கிற பழக்கம். முகம் வெளுக்க, படர்தாமரை போக என்று மருந்துக் கடையில் கேட்டு வாங்கிப் பூசிய ஸ்டீராய்டு கிரீம்களால் எத்தனை பேர் முகம் கெட்டது என்று தோல் டாக்டர்களைக் கேளுங்கள். அவர்கள் கத்திக் கத்தி, 2018ல்தான் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு கிரீம்களைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று கொண்டுவந்தது.

கொரோனாவை மறக்க முடியுமா? 2020 ஜூனில் ஆக்ஸ்ஃபோர்டின் ரெக்கவரி ஆய்வு, ஆக்ஸிஜன் தேவைப்படும் நோயாளிகளுக்கு 6 மி.கி. டெக்சாமெத்தசோன், அதிகபட்சம் 10 நாள் கொடுத்தால் உயிர் பிழைப்போர் கூடுகிறார்கள் என்று காட்டியது. ஆக்ஸிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலன் இல்லை என்றும் அதே ஆய்வு சொன்னது. நம் ஆட்கள் முதல் பாதியை மட்டும் வாட்ஸப்பில் அனுப்பினார்கள். லேசான காய்ச்சலுக்கும், வீட்டிலேயே, அளவு தெரியாமல். 2021 ஜூன் இறுதிக்குள் நாட்டில் 40,000க்கும் மேற்பட்ட கருப்புப் பூஞ்சை நோயாளிகள். கட்டுப்பாடில்லாத சர்க்கரையும் ஸ்டீராய்டும் கை கோர்த்ததுதான் முக்கியமான காரணம் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். மனிதன் விஷயத்திலேயே இப்படி என்றால், வாய் பேசாத பூனைக்கு யார் கணக்குப் பார்ப்பார்கள்? நாம்தான் பார்க்க வேண்டும்.

சரி, என்ன செய்யலாம்?

1. பூனைக்கு ஒரு நோட்டு போடுங்கள். பத்து ரூபாய் நோட்டு போதும். தேதி, எடை, மருந்தின் பேர், அளவு, எதற்காக. கூடவே மருந்துப் புட்டியைப் போனில் ஒரு போட்டோ. ஊர் மாறினால் ரேஷன் கார்டு, கேஸ் புத்தகத்தோடு இதுவும் வரட்டும்.

2. "இது ஸ்டீராய்டா? எத்தனை நாள் உடம்பில் இருக்கும்?" என்று ஊசிக்கு முன்னால் கேளுங்கள். பின்னால் கேட்டு என்ன பயன்?

3. காரணத்தைத் தேடுங்கள். அரிப்பு என்றால் முதல் குற்றவாளி தெள்ளுப்பூச்சி. பூனையின் கழுத்தில் விடும் சொட்டு மருந்தை மாதாமாதம், வீட்டில் உள்ள எல்லாப் பிராணிக்கும் விட்டாலே பாதி அரிப்பு போய்விடும். நாய்க்கு உண்டான சொட்டு மருந்தை மட்டும் பூனைக்கு விடாதீர்கள். அதில் பெர்மெத்ரின் இருந்தால் பூனை செத்துவிடும். வட்டமாக முடி கொட்டினால் படர்தாமரையா என்று முதலில் சோதியுங்கள்.

4. வாய்ப்புண் என்றால் பல்லைப் பற்றிப் பேசுங்கள். பின்பக்கப் பற்களை எடுத்தால் பெரும்பாலான பூனைகளுக்கு நல்ல முன்னேற்றம் கிடைக்கிறது. 'ஐயோ பல்லையா' என்று பதற வேண்டாம். வலிக்கிற பல்லை விட இல்லாத பல் மேல்.

5. ஆஸ்துமா என்றால் இன்ஹேலர் பற்றிக் கேளுங்கள். சின்னக் குழந்தைக்கு வைக்கிற மாதிரி முகமூடியும் குழாயும் வைத்து ஃப்ளூட்டிகசோன் கொடுக்கலாம். மருந்து நுரையீரலுக்குப் போகும், உடம்பு முழுவதும் சுற்றுவது குறைவு. பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகும், பொறுமை வேண்டும்.

6. நீண்ட காலம் ஸ்டீராய்டு தேவைதான் என்றால், மாத்திரை, குறைந்தபட்ச அளவு, குறைக்கும் திட்டம் எழுத்தில். ஆரம்பிக்கும் முன் இரத்தத்தில் சர்க்கரையும் இதயமும் ஒரு பார்வை. பிறகு சில மாதத்துக்கு ஒரு முறை எடை, சர்க்கரை, சிறுநீர்.

7. தண்ணீரைக் கவனியுங்கள். 4 கிலோ பூனை ஒரு நாளில் 200 மி.லி.க்கு மேல் குடித்தால் ஏதோ தப்பு. அளந்து ஊற்றி, மறுநாள் மிச்சத்தை அளந்தால் போதும்.

8. ஸ்டீராய்டு ஓடும்போது மெலாக்சிகாம் மாதிரி வலி மருந்து சேர்க்கக் கூடாது. வயிறு புண்ணாகி இரத்தம் கசியும். ஒரு டாக்டர் ஒன்று, இன்னொருவர் இன்னொன்று எழுதினால் இதுதான் நடக்கும். நோட்டு இருந்தால் தப்பிக்கலாம்.

"இவ்வளவு சோதனைக்கும் காசு யார் தருவா? ஊசி முன்னூறு ரூபாயில் முடியுதே" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வாடகை, ஸ்கூல் பீஸ், ஊருக்கு அனுப்புகிற பணம் எல்லாம் போக மிச்சத்தில்தான் பூனை. ஆனால் மேலே உள்ள பட்டியலில் முதல் இரண்டுக்கும் ஏழாவதுக்கும் காசே வேண்டாம். மாசா மாசம் முன்னூறு கொடுத்து, ஒரு வருஷம் கழித்து இன்சுலினும் சிரிஞ்சும் வாங்குவதை விட, ஒரு தடவை காரணத்தைக் கண்டுபிடிப்பது மலிவு. சில வயதான பூனைகளுக்கு, வேறு வழியில்லாத நோய்க்கு, 'இருக்கிற நாள் சுகமாக இருக்கட்டும்' என்று தெரிந்தே ஸ்டீராய்டு கொடுப்பதும் சரியான முடிவுதான். 'தெரிந்தே' என்பதுதான் அங்கே முக்கியம்.

டாக்டர்களிடமும் ஒரு வேண்டுகோள். நாளுக்கு எத்தனை நாய், எத்தனை பூனை, நடுவில் ஒரு பசு என்று ஓடுகிறீர்கள், தெரியும். சீட்டில் மருந்தின் பேரையும் அளவையும் ஒரு வரி எழுதித் தாருங்கள். ஆறு மாசம் கழித்து வேறு ஊரில் இன்னொரு டாக்டர் அதைப் படிப்பார். அந்த ஒரு வரியால் ஒரு ஊசி மிச்சமாகும்.

நம் மக்களுக்குக் கடைசியாக ஒன்று. பூனையை வீட்டுப் பிள்ளை என்று சொல்கிறோம். பிள்ளைக்குப் போடும் ஊசியின் பேர் தெரியாமல் எந்த அம்மா அப்பாவும் ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வருவதில்லை. இந்த வாரமே பழைய பில்களைத் தேடி எடுத்து, கடந்த ஒரு வருஷத்தில் எத்தனை ஊசி என்று எண்ணுங்கள். மூன்றுக்கு மேல் இருந்தால், அடுத்த ஊசிக்கு முன் டாக்டரோடு உட்கார்ந்து பேசுங்கள்.

பி.கு: பூனைக்குக் காய்ச்சல் என்றால் வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலைப் பொடித்துக் கொடுக்கிற பழக்கம் நம்மிடம் உண்டு. அதை உடைத்து வெளியேற்றும் வசதி பூனையின் ஈரலில் இல்லை. ஒரே ஒரு மாத்திரை கூடப் பூனையைக் கொன்றுவிடும். ஊரில் இருந்து வந்திருக்கும் அம்மா, அத்தை, மாமியார் எல்லோரிடமும் இதைக் கட்டாயம் சொல்லி வையுங்கள்.